பழகத் தெரிவதும் ஆன்மிகப் பயிற்சியில் சேர்த்தியா?

மல்லிகைச்சரம் (பாயான் பாரு, பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி ஒன்று. இங்கே பெரியவர்களும் இருக்கிறீர்கள், என் வயதுக்காரர்களும் இருக்கிறீர்கள். மனம்விட்டுச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியற்காலையில் தியானம், வெள்ளிக்கிழமை கோவிலில் திருமுறைக் குழு. தியானம் ஓரளவு கைகூடி வருகிறது. கண்ணை மூடினால் மனம் அடங்குகிறது. ஆனால் நாலு பேர் கூடும் இடத்தில் எனக்கு வாயே வராது. யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் பந்தியை விட்டு எழுந்து கைகழுவினால் அப்படியே கார் நிறுத்துமிடம்தான். குழுவில் இதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். "அவ பேசவே மாட்டா, அவ்வளவு பக்குவம்" என்று.

கடந்த மாதம் எங்களுக்குப் பதிகம் சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. குழுவாகப் போய்ப் பார்த்தோம். ஆளுக்கொன்று பேசினார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னையே பார்த்தார். அவருக்கு ஏதோ வேண்டியிருந்தது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. திருநீறு பூசிவிட்டு வந்துவிட்டோம்.

மனிதர்களோடு பேசவும் பழகவும் கற்றுக்கொள்வது ஆன்மிகத்தில் சேர்த்தியா, அல்லது அது உலகியல் விஷயமா? சேர்த்தி என்றால் எங்கே தொடங்குவது? காலையில் கிடைக்கும் அமைதி அந்தக் கட்டிலருகே ஏன் கைகொடுக்கவில்லை?

நெறிவிளக்கு (பட்டர்வொர்த்)

வணக்கம் அம்மா. சேர்த்திதான். சந்தேகமே வேண்டாம்.

சைவ சித்தாந்தத்தில் சரியை (தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நான்கு படிகள் சொல்கிறோம். தியானம் மூன்றாவது படி. முதல் படியான சரியைக்குச் சாத்திரம் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள். கோவிலைக் கூட்டு, மெழுகு, பூக்கொய்து மாலை கட்டு, விளக்கிடு, நந்தவனம் வை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் திருவேடம் (சிவனடியார் கோலம்) கண்டால் 'அடியேன் செய்வது யாது, பணியீர்' என்று கேட்டு அவர் சொன்ன பணியைச் செய் என்கிறது. கோவிலைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையை எதிரே வரும் ஆளிடமும் காட்ட வேண்டும். அவருக்கு என்ன தேவை என்று நாமாக முடிவுகட்டக் கூடாது, கேட்க வேண்டும்.

மேல்படிக்குப் போனால் இது உதிர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் கடைசிச் சூத்திரம் மலம் (உயிரைப் பற்றிய அழுக்கு) கழுவப்பட்டவர் எப்படி வாழ்வார் என்பதைப் பற்றியது. 'அம்மலங் கழீஇ அன்பரொடு மரீஇ' என்கிறார் அதை எழுதிய மெய்கண்டார். அழுக்கைக் கழுவியவர் அன்பரோடு, அதாவது அடியாரோடு, கலந்து இருப்பார். தொடக்கத்திலும் மனிதர்கள், முடிவிலும் மனிதர்கள். நடுவில் இருக்கும் யோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார நம் நெறியில் இடம் இல்லை.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு கருத்து. நீங்கள் காட்டிய சூத்திரம் அன்பரோடு கலக்கச் சொல்கிறது, எல்லாரோடும் கலக்கச் சொல்லவில்லை. அன்பர் அல்லாதார் கூட்டம் மயக்கத்தைத் தரும் என்பதும் அதே சித்தாந்தம்தான்.

நான் விற்பனைத் துறையில் இருக்கிறேன். பழகும் திறனுக்கென்றே நிறுவனம் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பும். வாடிக்கையாளர் பெயரை அடிக்கடி சொல், கண்ணைப் பார், அவர் சாய்ந்து உட்கார்ந்தால் நீயும் சாய். எல்லாம் வேலை செய்கிறது, சரக்கு விற்கிறது. இதே வித்தையைக் கோவில் பொதுக்கூட்டங்களிலும் பார்க்கிறேன். தேனொழுகப் பேசுகிறவரின் பக்கம் கை உயர்கிறது. அப்படிப்பட்ட திறமைக்கும் ஆன்ம வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சகோதரிக்குத் தியானம் கூடுகிறது. அதுவே பெரிய பேறு. அவரை எதற்கு மாற்ற வேண்டும்? ரமணர் பேசாமலேயே எத்தனை பேரைக் கரையேற்றினார்!

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன் (கோலாலம்பூர்)

ரமணரைச் சொன்னதால் ஒரு வார்த்தை. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த தொடக்க வருடங்களில் அவர் பேசாமல் இருந்தது உண்மை. ஆனால் ஆசிரமம் வளர்ந்த காலத்தில் விடிவதற்கு முன்பே சமையல்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களோடு காய் நறுக்கியவரும் அவர்தான். பந்தியில் எல்லாருக்கும் பரிமாறுவது எதுவோ அதுதான் தமக்கும், கூடுதலாக ஒரு கரண்டிகூட வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய மௌனம் ஆட்களைத் தள்ளி நிறுத்தவில்லை. வந்தவர்கள் பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. மல்லிகைச்சரம் கேட்பதும் அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

வெள்ளைச்சீருடை (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

தங்கச்சி, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சூத்திரங்களைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். அந்தக் கட்டிலருகே என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன், அது சொல்லிக்கொடுத்தால் வரக்கூடியது.

முதலில், நிற்காதீர்கள். படுத்திருப்பவருக்கு நிற்கிறவர் எப்போதும் கிளம்பப் போகிறவர் மாதிரியே தெரிவார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்திருக்கிறது என்றீர்கள். சிலருக்கு அந்தப் பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். அதனால் இடது பக்கம் உட்காருங்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். மூளையின் இடது பக்கம் அடிபட்டு இப்படிப் பேச்சு போனால் அதை அஃபேசியா என்பார்கள். சொல் வெளியே வராது, சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகும். ஆனால் அறிவு போய்விடாது. அவர் அதே டீச்சரம்மாதான். குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சாதீர்கள், சத்தமாகக் கத்தாதீர்கள், காது நன்றாகவே கேட்கும். டிவியை அணையுங்கள். சின்னச் சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரே விஷயம். "என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் தவிப்பார். "தண்ணி வேணுமா?" என்று கேளுங்கள், தலையாட்டலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். கொஞ்ச நேரம் பதில் வராவிட்டால் தாங்க முடியாமல் அவர் வாக்கியத்தை இவர்களே முடித்துவிடுவார்கள். காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் நோயாளியின் முகமே மாறும். நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தியானம் கைகொடுக்கவில்லை என்கிறீர்களே, இந்தக் காத்திருப்பில் கைகொடுக்கும். மற்ற யாரையும்விட உங்களால் பதறாமல் உட்கார்ந்திருக்க முடியும்.

இன்னொன்று. பேச முடியாதவர்களில் சிலருக்கு, பல வருடம் பாடிப் பழகிய பாட்டு வரும். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். அவரே சொல்லிக்கொடுத்த பதிகத்தை மெதுவாக நீங்கள் எடுத்துப் பாருங்கள். வராவிட்டாலும் குற்றமில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்.

செந்தூல்வாசி

அக்கா, இதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். என் ஆட்சேபம் நடிப்பின் மேல்தான். நீங்கள் சொல்வதில் நடிப்பே இல்லை.

மிளகாய்ப்பூ (கிள்ளான் லாமா சாலை, கோலாலம்பூர்)

யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. "அவ பேசவே மாட்டா, அவ்வளவு பக்குவம்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நம் வீடுகளில் பெண் பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தால் அடக்கம், பக்தி, நல்ல வளர்ப்பு. அண்ணன் தம்பிகள் கோவில் கூட்டத்தில் எழுந்து பேசப் பழகுகிறார்கள். நாங்கள் கோலம் போடவும் இலை போடவும் பழகுகிறோம். முப்பது வயதில் திடீரென்று "ஏம்மா யார்கூடயும் பேச மாட்டேங்கிற?" என்றால் எங்கிருந்து வரும்?

சகோதரியின் அமைதியில் எவ்வளவு தியானம், எவ்வளவு பழக்கிவைத்தது என்று அவர்தான் பார்க்க வேண்டும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வாய்ப்பு இருந்தால் திருமுறைக் குழுவில் அடுத்த வாரப் பாடலுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

மலையடிவாரம் (பத்துமலை, சிலாங்கூர்)

நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒருவரைச் சொல்லாமல் இந்த இழை நிறையாது. சுவாமி சிவானந்தர். துறவுக்கு முன் அவர் டாக்டர் குப்புசாமி, பத்தமடைக்காரர். 1913-இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கத்தில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜொகூரிலும் வேலை பார்த்தார். ஏறத்தாழ பத்து வருடம். 1923-இல் புறப்பட்டுப் போய் மறுவருடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார். வாங்கியதும் குகை தேடிப் போய் உட்காரவில்லை. லட்சுமண் ஜூலாவில் யாத்திரை வருகிறவர்களுக்கும் நோயாளிச் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். தோட்டத்து நோயாளிகளிடம் பழகிய கையும் வாயும் அங்கேயும் வேலை செய்தன.

அவர் தம் இயக்கத்துக்குக் கொடுத்த வரிசை இது: சேவை செய், அன்பு செலுத்து, கொடு, தூய்மையடை, தியானம் செய், உணர். தியானம் ஐந்தாவதாக வருகிறது. முதல் நான்கில் மூன்று, எதிரே இன்னொரு மனிதர் இல்லாமல் செய்யவே முடியாதவை. பத்துமலையில் உள்ள சிவானந்தாசிரமத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடலோரத்தாய் (பாலிக் பூலாவ், பினாங்கு)

எல்லாரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் படிக்கப் படிக்க எனக்கு ஒரு பயம் வருகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் அதே கேள்வியைத் திருப்பிச் சொல்வான். கோவிலில் விளக்குகளைத் துலக்கும் வேலை அவனுடையது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி தங்காமல், வரிசை மாறாமல் அடுக்கிவைப்பான். யாராவது வரிசையைக் கலைத்தால் அழுவான். பழகத் தெரிவது ஆன்மிகப் படி என்று நீங்கள் ஏணி வைத்தால், என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான்? கீழேயா?

நெறிவிளக்கு

அம்மா, அவர் சரியையில் நிற்கிறார். விளக்கிடுவதும் அந்தப் பட்டியலில் உள்ள பணிதான், அதை அவர் குறைவில்லாமல் செய்கிறார்.

நீங்கள் கேட்டதை யோசித்துக்கொண்டே இருந்தேன். 'அடியேன் செய்வது யாது' என்று கேட்கும் கடமை, கேட்க முடிந்தவர்கள் மேல்தான் விழுகிறது. உங்கள் மகன் விஷயத்தில் பழகக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அந்தக் கோவிலுக்கு வரும் மற்றவர்கள். வரிசையைக் கலைக்காமல் இருப்பது, முகத்தைப் பார் என்று வற்புறுத்தாமல் இருப்பது, திருப்பிச் சொன்னாலும் பொறுமையாகப் பதில் சொல்வது. இவை அவர்களுடைய ஆன்மிகப் பயிற்சி.

பேச்சுத்துணை (ஜெலுத்தோங், பினாங்கு)

பாலிக் பூலாவ் அக்கா சொன்னதையொட்டி ஒன்று சேர்க்கிறேன். கூச்ச சுபாவம் வேறு, பயம் வேறு. ஆட்கள் நடுவே போனாலே நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, போவதற்குப் பல நாள் முன்பிருந்தே தூக்கம் கெட்டு, அதனால் வேலையும் உறவும் அடிபடுகிறது என்றால் அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்கச் சுகாதார நிலையம்) தொடங்கலாம். "இன்னும் கொஞ்சம் ஜபம் பண்ணு, சரியாயிடும்" என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பக்தியில் குறை என்று சொல்லிவிட்டால் அவர் அதற்கப்புறம் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

நான் மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் அழைத்துப் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவையில் தொண்டூழியராக இருந்தவள். அங்கே அறிவுரை சொல்வது வேலையில்லை. கேட்பதுதான் வேலை. "எல்லாம் சரியாயிடும்", "எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு", "கடவுள் சோதிக்கிறார்" என்று நம் நாக்கு நுனியில் தயாராக நிற்கும் வாக்கியங்களை அடக்கப் பழகுவதே பெரும்பாடு. அப்புறம், கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. நம் திருமுறைக் குழுக்களில் இது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்று அடுத்தவர் வீட்டு விஷயம் பேசுவது, மறுநாள் அது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருவது. இதைப் பார்த்தவர்கள் எப்படித் தம் கஷ்டத்தைச் சொல்வார்கள்?

வள்ளுவர் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை மூன்றையும் இல்லறவியலில் வைத்தார். துறவறவியல் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. நாக்கைப் பழக்காமல் அந்தப் பக்கம் தாண்டிப் போக முடியாது.

நெறியாளர்

நன்றாகப் போகிறது. நீக்கப்பட்ட ஒரு பதிவில் குறிப்பிட்ட கோவில் நிர்வாகத்தின் பெயர் இருந்தது. தயவுசெய்து பெயர்கள் வேண்டாம்.

மல்லிகைச்சரம்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சனிக்கிழமை தனியாக அம்மா வீட்டுக்குப் போனேன். தாதி அக்கா சொன்னபடி இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சும்மாவே நேரம் போனது, எனக்குப் பதற்றம் வரவில்லை. அப்புறம் பதிகத்தை எடுத்தேன். இரண்டாவது அடியில் அம்மாவின் உதடு அசைந்தது. ஈற்றடி வந்தபோது இரண்டு சொல் தெளிவாக வந்தது. அவருக்கே ஆச்சரியம், சிரித்தார். ராகத்தில் நான் ஓர் இடத்தில் இழுத்ததற்கு இடது கையால் வேண்டாம் என்று காட்டினார். பாடம் நடத்துகிறார்!

கிளம்பும்போது நெறிவிளக்கு ஐயா சொன்ன கேள்வியை அம்மாவின் கணவரிடம் கேட்டேன். "நான் என்ன செய்யட்டும், மாமா?" என்று. பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் நிறைய வந்துவிட்டதாம். அவர் பசாருக்குப் (சந்தைக்கு) போய்வரும் நேரத்துக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். இத்தனை பேர் வந்துபோனோம், இதை யாருமே கேட்கவில்லை. இப்போது குழுவில் முறைவைத்துப் போகிறோம். அந்த அட்டவணையைப் போட நானே ஒவ்வொருவரையும் போனில் அழைத்துப் பேசினேன்.

மிளகாய்ப்பூ அக்கா, விளக்கம் சொல்லும் பொறுப்பையும் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறார்கள்.

மிளகாய்ப்பூ

விடாதீர்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.

தண்ணீர்மலைத்தொண்டன் (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

தாமதமாக வருகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிற குழு ஒன்றில் இருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தங்கச்சி முதல் பதிவில் கேட்டார், அதற்கு மட்டும் என் பதில்: பந்தலுக்கு வாருங்கள்.

பேச்சு வராதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கையில் குவளை இருக்கிறது, அதனால் என்ன பேசுவது என்ற கவலை பாதி குறையும். வருகிறவர் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. பால்குடம் எடுத்து வரும் சீனப் பெண்மணி, தோளில் பிள்ளையைத் தூக்கிய அப்பா, எதற்கு இது என்று மலாயில் விசாரிக்கும் பள்ளிப் பிள்ளைகள், வெயிலில் மயங்கப் போகும் பாட்டி. ஒவ்வொருவரிடமும் வேறு மாதிரி நடக்க வேண்டும், அதுவும் அந்த நொடியில் பார்த்துப் புரிந்து.

அதே நேரம் ஒரு கண்டிப்பும் உண்டு. முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டு வாருங்கள். "நீதான் நல்ல பிள்ளை" என்று சொல்லியே ராத்திரி முழுக்க ஒரே ஆளை நிற்கவைப்பார்கள், மறுநாள் பாத்திரமும் கழுவவிடுவார்கள். மென்மையாகப் பேசுகிறவர்களைத்தான் தொண்டு என்ற பெயரில் அதிகம் உறிஞ்சுகிறோம். "எனக்குப் பன்னிரண்டு மணிவரை முடியும், அப்புறம் மாற்று ஆள் வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் சொல்ல வேண்டும்.

கடலோரத்தாய் அக்கா, உங்கள் மகனுக்கும் இடம் இருக்கிறது. குவளை அடுக்குவதற்கு அவரைப் போன்ற ஒருவர் இல்லாமல் வருடா வருடம் திண்டாடுகிறோம். மேளச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் முதல்நாள் காலையிலேயே, ரதம் வருவதற்கு முன், சாமான் இறக்கும்போது வரட்டும். அவர் அடுக்கியதை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கடலோரத்தாய்

கட்டாயம் அழைத்து வருகிறேன் தம்பி. குவளைகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்க முடியுமா? கலந்திருந்தால் தனித்தனியாகப் பிரிக்காமல் விடமாட்டான்.

தண்ணீர்மலைத்தொண்டன்

ஒரே நிறத்திலேயே வாங்கிவிடுகிறேன் அக்கா. பச்சை போதுமா?

மல்லிகைச்சரம்

அண்ணே, நானும் வருகிறேன். பன்னிரண்டு மணிவரைதான் முடியும், மறுநாள் காலை ஷிப்ட். காவடி எடுத்து வருகிறவர்களிடம் என்ன பேச வேண்டும்?

தண்ணீர்மலைத்தொண்டன்

அவர்களிடம் எதுவும் பேச வேண்டாம். அருள்நிலையில் இருப்பார்கள், தண்ணீர்மலைக் கோவிலுக்கு இன்னும் 513 படி ஏற வேண்டும். கூட வரும் ஆளின் முகத்தைப் பாருங்கள். அவர் தலையசைத்தால் காலில் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வழிவிட்டு நில்லுங்கள். பின்னால் அவருடைய அம்மாவோ மனைவியோ வெறுங்காலோடு நடந்து வருவார். அவரைத்தான் யாரும் கவனிக்க மாட்டார்கள். மோரை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். நாற்காலிகளைப் பந்தலின் வலது ஓரத்தில் போட்டுவைக்கிறோம்.